இருபதாவது இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பேய், ஆவி விஷயங்களில் எனக்குத் துளியும் நம்பிக்கை இருந்ததில்லை. கொண்டாட்ட வீடுகளில் யாராவது அப்படி ஒரு கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுகிற ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், இரவில் செபமாலை சொல்வேன், அதோடு சரி. நம்பிக்கை இல்லாதது மட்டுமில்லை, எதிலும் சந்தேகப்படுகிற புத்தி வேறு எனக்கு. வீட்டு மணி அடித்தால் ஜன்னலால் எட்டி, வந்தவரின் சப்பாத்தைப் பார்த்து ஆளை எடை போட்ட பிறகுதான் கதவைத் திறப்பேன். என் கணவர் அன்ரன் இதற்காகவே என்னைப் பகிடி பண்ணுவார், "பரிசுத்த ஆவி வந்தாலும் நீர் அடையாள அட்டை கேப்பீர்" என்று. அப்படிப்பட்ட ஒருத்தி சொல்கிறேன் என்பதற்காகவாவது இதைக் கடைசி வரைக்கும் கேளுங்கள். நம்புவதும் விடுவதும் பிறகு உங்கள் பாடு.

யூரோ நாணயம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நாங்கள் பீலெஃபெல்டில் இருந்தோம். கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வருமுன் நான் ஒன்பது வருடம் பாரிஸில் இருந்தவள், அங்கே ஒரு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவிக் கழுவியே பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இங்கே வந்த பிறகு அது ஒன்றுக்கும் உதவாது என்றுதான் இருந்தேன். காலையில் ஒரு மொழிப்பள்ளியைத் துப்புரவு செய்கிற வேலை. அந்தப் பள்ளிக்கு பிரான்ஸிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் அரை வருடத்துக்கு ஜெர்மன் படிக்க வருவார்கள். ஒருநாள் படிக்கட்டில் ஒரு பெட்டை பிரெஞ்சில் தன்பாட்டில் அழுதுகொண்டிருக்க, நான் வாளியை வைத்துவிட்டு அவளோடு கதைத்ததைப் பொறுப்பாளர் ஃப்ராவ் லிண்டமன் பார்த்துவிட்டார். அடுத்த கிழமையே சனிக்கிழமைகளில் மாணவர்களை வெளியே கூட்டிப் போகிற வேலையை எனக்குத் தந்தார். இந்தப் பருவம் பிரச்சினை இல்லாமல் முடிந்தால் ஜனவரியிலிருந்து நிரந்தர வேலை, துப்புரவு இல்லை, அலுவலகத்திலேயே மேசை என்றும் சொன்னார்.

அந்த நிரந்தர வேலை எனக்கு எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பிறகு செய்தது விளங்காது. எங்களிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம். எல்லா நாட்டுக்கும் போகலாம், இலங்கையைத் தவிர என்று அதிலேயே அடித்திருக்கும். மன்னாரில் அம்மா பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஜெர்மன் குடியுரிமை எடுத்தால்தான் போய்ப் பார்க்கலாம், குடியுரிமைக்கு நிரந்தர வேலை காட்ட வேண்டும், அன்ரனோ முதுகு பிடித்து வீட்டில் இருந்தார். ஆகவே ஃப்ராவ் லிண்டமனின் ஒரு கையெழுத்துக்காக நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தேன்.

அந்த நாளில் வார இறுதி ரிக்கெற் என்று ஒன்று இருந்தது, ஒன்று எடுத்தால் ஐந்து பேர் நாள் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். மாணவர்கள் பதினெட்டு, என்னோடு பத்தொன்பது. நான்கு ரிக்கெற் எடுத்தால் இருபது பேர் போகலாம், ஒரு இடம் மிஞ்சும். இங்கே இருக்கிற எங்கள் சனத்துக்கு இப்படி ஒரு இடம் வெறுமனே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனி காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் யாராவது ஒரு தமிழர் நின்று, "அக்கா, ரிக்கெற்றிலை ஒரு இடம் இருக்கோ" என்று கேட்பார். "ஓம், வாங்கோ" என்பேன். ஒருநாள் கோயிலுக்குப் போகிற ஒரு அண்ணை, ஒருநாள் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பெரிய பலகாரப் பெட்டியோடு ஒரு அக்கா. பிள்ளைகளுக்கு இது நல்ல பகிடி. வந்து ஏறுகிறவருக்கு 'இருபதாவது ஆள்' என்று பெயர் வைத்து, "மதாம், இண்டைக்கு இருபதாவது ஆள் ஆர்?" என்று ரயில் வருமுன்னமே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் அந்த இருபதாவது ஆளையும் சேர்த்து இருபது மீன் ரோல்ஸ் பொரித்து, சிவப்புப் பூப்போட்ட கடதாசித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

பெயர்ப் பட்டியலையும் சொல்ல வேண்டும். நான் அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன், பிள்ளைகள் வாசிக்கக்கூடாது என்பதற்காக. ஏனென்றால் பெயருக்குப் பக்கத்தில் குறிப்பும் இருக்கும். மத்தியூ, வாயாடி. சோபி, பொறுப்பான பிள்ளை. கடைசியில் கிளேர், சத்தமில்லாதவள், கவனம். இருபதாவது ஆள் யார் வந்தாலும் அவருடைய பெயரையும் கேட்டு அடியில் எழுதுவேன். சந்தேகப் பிராணி என்று சொன்னேன்தானே.

அது நவம்பர் மாதத்துச் சனி. அன்றைக்குப் போனது காட்டுக்குள்ளே பெரிய பெரிய பாறைகள் நிற்கிற ஒரு இடத்துக்கு, ஒன்றேகால் மணித்தியாலப் பயணம், இறங்கி நாற்பது நிமிடம் நடை. ஸ்டேஷன் மேடையில் தமிழர் ஒருவரும் இல்லை. அந்த நேரம் ஒரு பெட்டை வந்து என் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று, பிரெஞ்சில், "உங்களிட்டை ஒரு இடம் இருக்குத்தானே" என்றாள். இருக்கோ என்று கேட்கவில்லை, இருக்குத்தானே என்றாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வயது இருக்கும், சாம்பல் நிறத் தொப்பிச் சட்டை. அந்தக் குளிருக்குள் கையுறை இல்லை, தோளில் பை இல்லை, கையில் ஒரு சாமான் இல்லை. வீட்டை விட்டு ஒரு பையும் இல்லாமல் வெளிக்கிடுகிற பெண்பிள்ளை என்ன ஆள் என்று யோசித்து என் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீர் எங்கை போறீர்?"

"நீங்கள் போற இடத்துக்குத்தான்."

"திரும்பி எப்பிடி வருவீர்? பின்னேரம் நான் உம்மைத் தேடிக்கொண்டிருக்க மாட்டன்."

"தேட வேண்டாம். எனக்கு இடம் கிடைக்கும்" என்றாள்.

பெயரைக் கேட்டேன். சிரித்தாளே தவிர சொல்லவில்லை. ரயில் வந்துவிட்டது. பட்டியலின் அடியில் 'பெயர் சொல்லவில்லை' என்று எழுதிவிட்டு ஏற்றிக்கொண்டேன். இடத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் காரணம்.

பிள்ளைகள் எப்போதும் ரிக்கெற் கணக்குப்படி ஐந்தைந்தாகத்தான் இருப்பார்கள். நான்காவது ஐந்தில் கிளேரும் இன்னும் இரண்டு பேரும் நானும் இருபதாவது ஆளும். அந்தப் பெட்டை கிளேருக்கு முன்னால் ஜன்னலோரம் இருந்தாள். ரோல்ஸ் கொடுத்தேன், வாங்கிச் சாப்பிடாமல் சுற்றினபடியே சட்டைப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மத்தியூ எங்கள் பக்கம் வந்து, ஆசனக் கம்பியில் தொங்கிக்கொண்டு, "என்ன மதாம், இண்டைக்கு இருபதாவது ஆள் கிடைக்கேல்லையோ" என்றான். அவள் அவனுடைய முழங்காலுக்கு முன்னால் இருக்கிறாள். பெட்டைக்கு முன்னால் நின்று இப்படிச் சேட்டை விடுகிறானே என்று எனக்குக் கோபம். "போய் இரும்" என்று அனுப்பிவிட்டேன். அவள் கிளேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதகர் வந்து ரிக்கெற்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனார், அன்று காலையில் தலைகளை எண்ணவில்லை.

இறங்கியதும் அவளைக் காணவில்லை. எனக்கு நிம்மதி. கைப்பையைத் திறந்து பார்த்தேன், எல்லாம் இருந்தது.

பின்னேரம் மூன்றரைக்கு மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, ஐஸ் தண்ணி. பிள்ளைகள் தொப்பிகளை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஸ்டேஷனுக்கு ஓட, நான் பின்னால் நடந்து, மேடையில் வைத்து எண்ணினேன். ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று, என்னோடு பத்தொன்பது. சரி. முகங்களைப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை. தொப்பிகளைத்தான் எண்ணினேன். ஐந்து தலை தெரிந்தால் அடுத்த ஐந்துக்குப் போவது எனக்குக் கைப்பழக்கமாகி விட்டிருந்தது. அது என் பிழை.

ரயில் வெளிக்கிட்டுப் பத்து நிமிடம் இருக்கும், எல்லாரும் ஈரச் சட்டையோடு அரை நித்திரை. மீசை வைத்த பரிசோதகர் ஒருவர் வந்தார். நான்கு ரிக்கெற்றையும் வாங்கிக்கொண்டு, பேனையால் ஒவ்வொருவரையும் காட்டிக் காட்டி எண்ணிவிட்டு, "பதினெட்டுப் பேர். இரண்டு இடம் வீணாய்ப் போகுதே" என்றார்.

"பத்தொன்பது" என்றேன்.

அவர் திரும்ப எண்ணினார். "பதினெட்டு" என்றார். எனக்கென்ன வந்தது என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். எனக்கு உடனே அந்த மனிதரில்தான் சந்தேகம், வெளிநாட்டுக்காரி என்று பகிடி விடுகிறாரோ, இல்லை எண்ணவே தெரியாதவரோ என்று. எழும்பி நின்று எண்ணினேன். ஐந்து, ஐந்து, ஐந்து, மூன்று. பத்தொன்பதுதான். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பட்டியலை எடுத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் நித்திரைக் குரலில் ஓம் ஓம் என்றார்கள். கடைசிப் பெயர் கிளேர். பதில் இல்லை.

கிளேர் இருக்க வேண்டிய ஆசனத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சாம்பல் நிறத் தொப்பி. அது நிமிர்ந்தது. காலையில் வந்த அந்தப் பெட்டை. என்னைப் பார்த்து, "ஒருமாதிரிக் கண்டுபிடிச்சிட்டீங்கள்" என்றாள். மிரட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை, தாமதமாக வந்த ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, எனக்கு அப்போது பேய் என்ற எண்ணம் வரவே இல்லை. இவள் பிள்ளையை என்னவோ செய்துவிட்டாள் என்றுதான் பட்டது. ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. சோபியை உலுக்கி எழுப்பி, "நானும் மத்தியூவும் இறங்கிக் கிளேரைப் பாக்கப் போறம், நீர் மற்ற ஆக்களைக் கூட்டிக்கொண்டு போம். இவளை மட்டும் இறங்க விடாதையும், பீலெஃபெல்டிலை பொலிசிட்டைக் குடுக்க வேணும்" என்றேன்.

சோபி நான் கை நீட்டிய ஆசனத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆரை, மதாம்?" என்றாள்.

பதில் சொல்ல நேரமில்லை, கதவு மூடப் போகிறது. இறங்கிவிட்டோம். மேடையில் நின்று அந்த ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. பயம். அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

திரும்பிப் போகிற ரயிலுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸியைப் பிடித்தோம். கிளேரின் கைத்தொலைபேசிக்கு அடித்து அடித்துப் பார்த்தேன், எடுபடவில்லை. மத்தியூ வாயே திறக்கவில்லை, அந்த வாயாடிப் பிள்ளை. டாக்ஸிக்காரர் நல்ல மனிதர், நிலைமையைச் சொன்னதும் தானே பொலிசுக்கு அடித்துவிட்டு, வண்டியில் இருந்த பெரிய டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு எங்களோடு காட்டுக்குள் வந்தார். பாறைகளுக்குப் பின்புறம் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. அதில் நின்று, "கிளேர், கிளேர்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழேயிருந்து, பக்கத்து அறையிலிருந்து கதைப்பது போல அமைதியாக, "இங்கை இருக்கிறன், மதாம்" என்று பதில் வந்தது.

படம் எடுக்க இறங்கி, ஈர இலையில் சறுக்கி, கணுக்கால் முறிந்து ஒரு மரவேருக்குள் கிடந்தாள். உதடெல்லாம் நீலம். நான் என் கோட்டைக் கழற்றிச் சுற்றி, அவளுடைய கையைப் பிடித்துத் தேய்த்தபோது கைக்குள் ஏதோ கசங்கியது. டாக்ஸிக்காரர் வெளிச்சத்தைப் பிடித்தார். சிவப்புப் பூப்போட்ட கடதாசித் துணி. உள்ளே பாதி கடித்த மீன் ரோல்ஸ்.

அவளுடைய ரோல்ஸைக் காலையில் ரயிலில் என் கண்முன்னால்தான் தின்று முடித்தாள், கடதாசியை நானே வாங்கிக் குப்பையில் போட்டேன். இருபதுதான் பொரித்தேன், இருபதையும் கொடுத்து முடித்தேன். யாருடையது இது?

"காலமை எனக்கு முன்னாலை இருந்தவள் தந்தவள்" என்றாள் கிளேர். "சாப்பிடு, நித்திரை கொள்ளாதை எண்டு சொன்னவள். ஆக்கள் வரும் வரைக்கும் உன்ரை இடத்திலை நான் இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்."

அம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் கடதாசியையும் ரோல்ஸையும் நான் என் பைக்குள் வைத்தேன். வீட்டுக்கு வந்து குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள், காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். சோபி வீடு போய்ச் சேர்ந்தாள், அவளோடு சேர்த்துப் பதினாறு பேரும் வந்து சேர்ந்தார்கள், அந்த ஆசனம் வழி முழுக்க வெறுமையாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னாள். மதாம் பதற்றத்தில் என்னவோ கதைத்தா என்று அதை அவளே பெரிதுபடுத்தாமல் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை ஃப்ராவ் லிண்டமன் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழியில், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன், ஒருவர் குறைந்தார், உடனே இறங்கினேன் என்றேன். பட்டியலைக் கேட்டார், கொடுத்தேன், தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடியில் இருக்கிற வரி என்ன என்றார். அது திகதி என்றேன்.

இன்னும் இரண்டு மணித்தியாலம் போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்காது என்று டொக்டர் எங்கள் முன்னால்தான் சொன்னார். ஃப்ராவ் லிண்டமன் என் தோளைத் தட்டினார். கட்டிலில் இருந்த கிளேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "அவள் வந்து உங்களுக்குச் சொன்னவளோ, மதாம்?"

எனக்கு அம்மாவின் முகம் வந்தது. அந்த ஒரு கையெழுத்து வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பள்ளி ரிக்கெற்றில் ஏற்றினேன், தலையை எண்ணாமல் தொப்பியை எண்ணினேன், பிறகு வெறும் ஆசனத்தோடு கதைத்தேன் என்று சொன்னால் யார் எனக்கு வேலை தருவார்கள்?

"ஆர்? ஒருத்தரும் வரேல்லையே" என்றேன்.

குளிர் ஏறினால் இப்படி ஆட்களைக் கண்டதாகத் தோன்றும் என்று டொக்டர் சொன்னார். கிளேர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு நான் செய்தது துரோகம், வேறு சொல் இல்லை. காலில் கட்டோடு பிரான்ஸுக்குத் திரும்பிப் போனவள் எனக்கு ஒரு தபாலட்டை கூடப் போடவில்லை, மற்ற எல்லாரும் போட்டார்கள்.

வேலை கிடைத்தது. பாஸ்போர்ட்டும் கிடைத்தது. அம்மாவைப் போய்ப் பார்த்தேன், மூன்று கிழமை பக்கத்தில் இருந்தேன், என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தா. இன்றைக்குக் கேட்டாலும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டையை நான் இன்றுவரை சரியாக எடை போடவில்லை. ரோல்ஸ் கொடுத்தாள், நித்திரை கொள்ளாதே என்றாள், சரி. பிறகு ஏன் வந்து அந்த இடத்தில் பேசாமல் இருந்து என் கணக்கைச் சரியாக்கினாள்? மீசைக்காரர் எண்ணாமல் விட்டிருந்தால் நான் பத்தொன்பது பேரோடு பீலெஃபெல்டில் இறங்கியிருப்பேன். கிளேருக்காக இடம் பிடித்து வைத்தாளா, கிளேரின் இடத்தைப் பிடித்தாளா? எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த மிச்ச இடத்தில் நான் ஒருவரையும் ஏற்றவில்லை. எங்கள் சனம் வந்து இடம் கேட்டால் நிரம்பிவிட்டது என்று பொய் சொன்னேன். எனக்குப் பெருமை பிடித்துவிட்டதாகக் கதை அடிபட்டது, அடிபடட்டும் என்று விட்டுவிட்டேன். கிளேரின் குழு போன பிறகு வந்த பருவத்திலும் பதினெட்டு மாணவர்கள்தான். முதல் சனிக்கிழமை பரிசோதகர் ஒரு பெண், பேனையால் காட்டிக் காட்டி எண்ணினா. "இருபது. நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. பெயர்களைக் கூப்பிட்டேன், பதினெட்டுப் பேரும் இருந்தார்கள்.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. போன மாதம் அன்ரனும் நானும் இரண்டு பிள்ளைகளும் டோர்ட்மண்டில் ஒரு பிறந்தநாளுக்குப் போனோம், ஐந்து பேர் போகக்கூடிய குழு ரிக்கெற்றில். பட்டப்பகல், பெட்டி பாதி வெறுமை. பரிசோதகர் இளம் பையன், ரிக்கெற்றைப் பார்த்தான், எங்கள் பக்கம் ஒரு தடவை கண்ணை ஓட்டினான், "ஐந்து பேர், சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அன்ரன் சிரித்தார், "இவனுக்கு எண்ணத் தெரியாது போலை" என்றார்.

எனக்குப் பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்து, கடதாசியில் சுற்றினபடியே அதில் வைத்தேன். டோர்ட்மண்ட் வந்ததும் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மேடையில் வைத்து என் சின்னவள் கேட்டாள், "அம்மா, அந்த அக்கா ஏன் ரோல்ஸைச் சாப்பிடாமல் பொக்கற்றுக்குள்ளை வைச்சவ?"